இன்னுமா ரெக்கார்டு கேட்கிறீர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அலமாரியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு கேள்வி ஆரம்பிக்கும். இருபது வருடமாகத் தமிழ் ரெக்கார்டுகள் சேர்க்கிறேன். சினிமா, கச்சேரி, பக்திப் பாட்டு, கதை வசனம் எல்லாம் கலந்த கூட்டம் அது. வியாபாரம் செய்வதில்லை. எப்போதும் வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால், அடுத்த முறை காபியைச் சூடாகக் குடிக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனைத் தொட்டால் எந்தப் பாட்டும் வருகிறது. இவ்வளவு பாடு எதற்கு?

போனில் நானும் கேட்கிறேன். பஸ்ஸில் ரெக்கார்டு கேட்க முடியாது. ஆனால் போனில் பாட்டு ஓடும்போது பாத்திரம் கழுவுகிறேன், கணக்குப் பார்க்கிறேன், யாருக்கோ பதில் அனுப்புகிறேன். மூன்று பாட்டு போய்விட்டதே என்று நாலாவது பாட்டில்தான் தெரியும். ரெக்கார்டு அப்படி விடாது. உறையிலிருந்து விளிம்பைப் பிடித்து எடுத்து, தூசி தட்டி, ஊசியை இறக்க வேண்டும். இருபது நிமிடத்தில் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். இத்தனையும் செய்தவன் அந்த இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிடுகிறான்.

இன்னொன்றும் உண்டு. பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். யார் போவது என்று விட்டுவிடுவோம். இன்று எனக்கு மிகப் பிடித்த பாட்டுகளில் பாதி அந்தச் சோம்பேறித்தனத்தில் கிடைத்தவை.

சத்தம் நிஜமாகவே சி.டி.யைவிட நன்றாக இருக்குமா?

அளந்து பார்த்தால் இருக்காது. மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளி சி.டி.யில் 96 டெசிபல். நல்ல எல்.பி.யில், அதாவது பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடும் பெரிய வினைல் பிளாஸ்டிக் தட்டில், 60, 70 வந்தாலே பெரிது. தட்டு சுற்றும் வேகத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும், ஊசி உரசும் இரைச்சல் இருக்கும். சி.டி.யில் இவை எதுவும் இல்லை. வினைலில் எல்லாமே மேல் என்று சத்தியம் செய்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை, ஆனால் நம்புவதும் இல்லை.

2022-ல் நடந்த கதை ஒன்று போதும். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் பழைய ஆல்பங்களை மூல டேப்பிலிருந்து உயர்தரத் தட்டுகளாக வெளியிட்டு வந்தது. டிஜிட்டல் தீட்டுப் படாத சத்தம் என்று நினைத்து உலகமெங்கும் நிறையப் பணம் கொடுத்து வாங்கினார்கள். நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பது அந்த வருடம்தான் வெளியே வந்தது. பெரிய சண்டை, வழக்கு எல்லாம் ஆனது. பல வருடங்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டு உருகிய தங்கக் காதுகளில் ஒன்றுகூட அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி.

அப்படியானால் பழைய ரெக்கார்டு ஏன் நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது? பல நேரம் நிஜமாகவே நன்றாக இருப்பதால்தான். காரணம் வினைல் அல்ல, அதற்குள் போயிருக்கும் பதிவு. தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த சி.டி.க்களில் மெல்லியது, உரத்தது எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடும் பழக்கம் வந்தது. கடையில் போட்டால் பளிச்சென்று கேட்கும், அரை மணி நேரத்தில் காது வலிக்கும். இணையத்தில் இருக்கும் பழைய தமிழ்ப் பாட்டுகளின் நிலை இன்னும் பரிதாபம். கேசட்டிலிருந்து ஏற்றியவை உண்டு. வேகம் மாறிச் சுருதி அரைக்கட்டை ஏறியவை உண்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று ஜல்லிக் கரண்டியால் வழித்து, வயலினின் மேல் நாதத்தையும் சேர்த்து எடுத்தவை உண்டு. சில பாட்டுகளில் புது டிரம்ஸையே நுழைத்திருக்கிறார்கள். இவற்றை மட்டும் கேட்டவர் அந்தக் காலத்து எல்.பி.யைக் கேட்டால் அசந்துதான் போவார். அந்தப் பாராட்டைத் தட்டுக்குக் கொடுப்பதா, அன்று டேப்பில் பிடித்த சவுண்ட் இன்ஜினியருக்குக் கொடுப்பதா? நான் இரண்டாமவருக்குக் கொடுப்பேன்.

ஒரு கறுப்புத் தட்டிலிருந்து பாட்டு எப்படி வருகிறது?

ஒரு பக்கத்தில் நிறையப் பள்ளங்கள் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். இருப்பது ஒன்றே ஒன்று. விளிம்பில் தொடங்கி நடுவரை சுருண்டு போகும் ஒரே பள்ளம். நிமிடத்துக்கு 33 1/3 சுற்று என்றால் இருபது நிமிடப் பக்கத்துக்கு 667 சுற்று. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 430 மீட்டர் வரும். ஊசி ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போகிறது.

பள்ளத்தின் குறுக்குவெட்டு 'வி' எழுத்து மாதிரி, அகலம் தலைமுடியைவிடக் குறைவு. சுவர்கள் இரண்டும் 45 டிகிரி சாய்ந்தவை. ஸ்டீரியோ தட்டில் உள்சுவரில் இடப்பக்க ஒலி, வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. ஊசி முனை வைரம். சுவரின் நெளிவில் அது ஆடும் ஆட்டத்தைக் காந்தமும் கம்பிச்சுருளும் சில மில்லிவோல்ட் மின்சாரமாக மாற்றும். அவ்வளவு சின்னதைப் பெரிதாக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறோம்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் இரண்டு பக்கமும் அகன்று ஆடி, தட்டில் பத்து நிமிடம்கூட அடங்காது. அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1954 வாக்கில் இதற்குப் பொதுக் கணக்கு ஒன்று வந்தது. கேட்கும்போது 'ஃபோனோ' என்ற பகுதி அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறது. புதிதாக பிளேயர் வாங்கியவர்கள் 'தகர டப்பாவில் பாடுவதுபோல் இருக்கிறது' என்று எனக்கு எழுதினால், பத்தில் எட்டுப் பேர் ஃபோனோ துளையில் செருகாமல், இந்தத் திருத்தம் செய்யாத ஆக்ஸ் துளையில் செருகியிருப்பார்கள்.

கடைசிப் பாட்டுக்கு ஒரு சாபம் உண்டு. விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுப்பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்சஸ்தாயிக் குரல் வந்தால் 'ச', 'ஸ' எழுத்துகள் சீறும். பிளேயர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

கிராமபோன் தட்டும் எல்.பி.யும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு பாழாக்கிய தட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கனமான தட்டு அரக்கால் ஆனது. நம் காடுகளில் அரக்குப்பூச்சி மரத்தில் விடும் அதே அரக்கு, கல்பொடியோடு கலந்தது. கீழே விழுந்தால் அப்பளம். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் அடங்கும். வினைல் எல்.பி.யை அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-ல் கொண்டுவந்தது. அடுத்த வருடம் போட்டிக் கம்பெனி ஆர்.சி.ஏ. விக்டர் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ஏழு அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. நம் ஊர் சினிமாப் பாட்டுக்கு அதிகம் வந்தது அந்த ஏழு அங்குல இ.பி. பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு, படத்தின் ஸ்டில் போட்ட உறை.

78-ன் பள்ளம் எல்.பி.யுடையதைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அடியில் போய்க் குப்பையைக் கிளறும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பாட்டே போய்விடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி.யைப் போடவே கூடாது. ஊசி மாட்டும் அதன் தலை, சவுண்ட் பாக்ஸ், நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், நல்ல எல்.பி. பிளேயரில் ஊசியின் பாரம் 2 கிராம் பக்கம்தான். கிராமபோனின் எஃகு ஊசி ஒரு பக்கம் பாடினால் மாற்ற வேண்டியது. டப்பாவில் நூறு ஊசி வந்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்று நிமிடத்தில் கர்நாடக சங்கீதமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

இந்தியாவில் முதல் பெரிய பதிவு முயற்சி 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தது. லண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃபிரெட் கைஸ்பர்க் ஒரு ஓட்டல் அறையில் குழாயை வைத்துப் பதிந்தார். மைக் கிடையாது. குழாய்க்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். பதிந்த மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அங்கே அச்சாகித் திரும்பி வரும். பாடியவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடியும்போது 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்று ஆங்கிலத்தில் சொல்வார். ஹனோவரில் லேபிள் ஒட்டுகிறவருக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா? 1908-ல் கல்கத்தா சியால்தாவிலேயே ஆலை வந்தது, பிறகு டம்டம்மில். என் அலமாரியில் பாதித் தட்டில் டம்டம் என்றுதான் இருக்கும்.

இரவெல்லாம் வாசிக்கும் ராகத்தை மூன்று நிமிடத்தில் முடி என்றால் நம் வித்வான்கள் என்ன செய்தார்கள்? சிலர் அவசரப்பட்டார்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டால் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் இருக்கும். சிலர் சாறு பிழிந்து கொடுத்தார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி 78 தட்டு அப்படிப்பட்டது. அவர் வீதியில் நின்று தோடி வாசித்தால் மணிக்கணக்கில் போகும் என்பார்கள். தட்டில் பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிடம்தான். ஆனால் முதல் ஐந்து வினாடியில் அது தோடி, வாசிப்பது அவர் என்று தெரிந்துவிடும். நடுவில் தட்டைத் திருப்ப வேண்டியதும் அந்தத் தோடியின் அழகில் சேர்ந்துவிட்டது எனக்கு. இப்போது அதையே இணைத்து ஒட்டிய பதிவில் கேட்டால், திருப்பும் இடத்தில் கை தானாக எழுகிறது.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் 27 வயதில் இறந்துபோனார். அவருடைய குரல் நமக்குக் கிடைத்திருப்பது 78 தட்டுகளில்தான். நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டிய குரல். தட்டின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு இன்றும் வருகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டுக்குப் பாடியபோது வயது பத்து. அவரே 1963-ல் எல்.பி.யில் வேங்கடேச சுப்ரபாதம் பாடினார். மூன்று நிமிடத் தட்டில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. பக்கத்துக்கு இருபது நிமிடம் கிடைத்ததால்தான் சுப்ரபாதம் முழுசாக ஒரு தட்டில் உட்கார்ந்து, அங்கிருந்து ஊர்க் கோவில் குழாய்களில் விடியற்காலையாக மாறியது.

தமிழ் ரெக்கார்டில் பாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

கதை வசனம்! வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எழுபதுகளில் தொலைக்காட்சி சென்னையைத் தாண்டாத நேரத்தில், படத்தின் வசனத்தைத் தட்டில் போட்டு விற்றார்கள். 'பராசக்தி' நீதிமன்றக் காட்சி, கட்டபொம்மன் ஜாக்சனைக் கேட்கும் கேள்விகள் எல்லாம் தட்டில் வந்தவை. 'திருவிளையாடல்' தருமியைத் தியேட்டரில் பார்த்து மனப்பாடம் செய்தவர்களைவிட, திருவிழாக் குழாயில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் அதிகம் என்பேன்.

தட்டை வாங்கியவர்கள் எல்லோரும் வீட்டில் பிளேயர் வைத்திருந்தவர்கள் அல்ல. பெரும்பாலும் மைக் செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, முருகனுக்கு டி.எம்.எஸ்., கந்தூரிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் நாகூர் ஹனிபா. தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிட்டால் மூன்று கிராமத்துக்குக் கேட்கும். தட்டுக்கு எங்கள் பக்கம் பேர் 'ரெக்கார்டு', சிலர் 'பிளேட்டு' என்பார்கள். 'இசைத்தட்டு' என்று வாய் நிறையச் சொன்னவர்கள் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள். 1952-ல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, அந்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி நம் வீட்டுக்குள் வந்தன.

தேய்ந்துபோன தட்டை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

பத்து வருடம் முன்பு திருமயம் பக்கம் ஒரு பெரியவரிடம் ஒரு பெட்டி வாங்கினேன். நாற்பது வருடம் மைக் செட் போட்டவர். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில், வைக்கோல் தூசிக்கு நடுவில் இருந்தது அந்தத் தகரப் பெட்டி. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்திப் பாட்டு இ.பி.யில், வெளிப்பாதி சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது. உள்பாதி கறுப்பாக, எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. ஒரே பக்கத்தில் இப்படி இரண்டு நிறமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அதுல முதப் பாட்டு போயிருச்சு தம்பி. பிள்ளையார் பாட்டு. எந்த வீட்டு விசேசம்னாலும் அதத்தான் முதல்ல போடணும். அடுத்து இருக்கிற பாட்ட யாரு கேட்டா?"

அவருடைய பிளேயரையும் காட்டினார். ஊசிக் கையின் தலையில் ஒரு நாலணா, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. ஆட்கள் ஆடும்போது ஊசி தாவாமல் இருக்க அந்தப் பாரம். தட்டு தேயாமல் என்ன செய்யும்? அந்த இ.பி.யை நான் போட்டுக் கேட்பதில்லை, போட்டாலும் முதல் பாட்டில் மாவு மில் சத்தம்தான் வரும். விற்கச் சொன்னால் விற்கமாட்டேன். நாற்பது வருடத்துச் சுப காரியங்களின் கணக்கு அதில் இருக்கிறது, பக்கத்துப் பாட்டை யாருமே கேட்கவில்லை என்பதும் இருக்கிறது. அதை ஒரு முறை மட்டும் போட்டுக் கேட்டேன். அந்த இரண்டாவது பாட்டுதான் உண்மையில் நல்ல பாட்டு.

கறகற சத்தம்தானே ரெக்கார்டின் அழகு?

அழுக்கின் சத்தம் அது. கழுவுங்கள்.

எப்படிக் கழுவுவது?

வினைலுக்கு டிஸ்டில்டு வாட்டர். பெட்ரோல் பங்கில் 'பேட்டரி தண்ணி' என்று கேட்டால் கிடைக்கும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பு பள்ளத்தில் தங்கி, கழுவுமுன் இருந்ததைவிட மோசமாகக் கேட்கும். ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு வாசனையில்லாத திரவ சோப்பு. மிருதுவான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. நான் பழைய எவர்சில்வர் டப்பா மூடி இரண்டை ரப்பர் வளையத்தோடு லேபிள் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பிறகு வெறும் பேட்டரி தண்ணியில் ஒரு அலசு அலசி, பாத்திரக் கூடையில் நிறுத்திக் காயவிடுவேன். வீட்டில் திட்டு விழும்.

அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் பட்டுவிடக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். தண்ணீரும் அளவாகத் தொட்டு உடனே துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். ஐயோ.

நம் ஊர் வெயிலில் தாங்குமா?

தாங்கும், நிறுத்தி வைத்தால். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்திலேயே வளையும். வெப்பம் 60 டிகிரியை நெருங்கினால் வினைல் இளகும். மே மாதம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அவ்வளவு எளிதாக வந்துவிடும். எல்.பி. வாங்கிக் காரில் வைத்துவிட்டு ஓட்டலில் சாப்பிடப் போய், அப்பளமாகத் திரும்பக் கொண்டுவந்தவன் நான்தான். மாடியறையும் ஓட்டு வீட்டுப் பரணும் வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை, வருடம் முழுவதும் கரையான், ராமபாணப் பூச்சி. இவை தட்டைத் தின்னாது, உறையைத் தின்னும்.

எந்த பிளேயர் வாங்கலாம்?

சூட்கேஸ் மாதிரி வரும் மலிவு பிளேயரை மட்டும் வேண்டாம் என்பேன். ஊசிப் பாரத்தை மாற்ற வழியிருக்காது, வழக்கமாக இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். பாரத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய எதுவும் தேவலாம். பழையதில் கர்ரார்டு, பிலிப்ஸ் கிடைத்தால் பெல்ட்டும் ரப்பர் சக்கரமும் மாற்றினால் ஓடும். வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா பார்க்க அழகு, நினைவுக்கு நல்லது, நல்ல தட்டை அதில் போடமாட்டேன். பணம் பொருட்டில்லை என்றால் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200. 1972-ல் வந்தது, 2010-ல் நிறுத்தினார்கள், 2016-ல் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

பித்தளைக் குழாய் வைத்த 'ஆன்டிக்' கிராமபோன் பக்கம் போகவே போகாதீர்கள். பெரும்பாலும் எங்கெங்கோ எடுத்த உதிரிகளைப் புதுப் பெட்டியில் மாட்டியவை. வெளியூரில் ஒரு கடையில் நூறு வருடத்துப் பொருள் என்று சத்தியம் செய்து எனக்கு ஒன்று விற்றார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே புது பிளைவுட் வாசனை. அது இப்போது வரவேற்பறையில் பூச்சாடி தாங்குகிறது.

பழைய தட்டுகள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் எரிந்தது. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் மும்பை சோர் பஜாரிலும் தேடினால் தமிழ்த் தட்டுகூட அகப்படும், அங்கே அவற்றைக் கேட்பாரில்லை. ஆனால் நல்லவை கடைக்கு வருமுன்பே போய்விடும். சிற்றூர்களில் பழைய சவுண்ட் சர்வீஸ்காரர்களை விசாரியுங்கள், காபி சாப்பிட்டுப் பொறுமையாகப் பேசுங்கள்.

வாங்கும்போது வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மயிர்க்கோடுகள் பரவாயில்லை. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' கேட்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திக்கால் மாதிரிக் கோடுகள் நிறைய இருந்தால் அடிக்கடி போட்டுக் கேட்டது. உறை புதுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே வேறு படத்துத் தட்டு இருக்கும்.

இப்போது மறுபடியும் அச்சடிக்கிறார்களாமே?

ஆமாம், வெளிநாட்டில் நன்றாகவே ஓடுகிறது. அமெரிக்காவில் 2020-ல் வினைல் விற்ற பணம் சி.டி.யைத் தாண்டியது, 1986-க்குப் பிறகு முதல் முறையாக. 2022-ல் எண்ணிக்கையிலும் தாண்டியது. வினைல் 4 கோடியே 10 லட்சம், சி.டி. 3 கோடியே 30 லட்சம். இத்தனைக்கும் 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோய், தாய்த் தட்டு வெட்டத் தேவையான லாக்கர் தட்டுக்கு உலகமே ஜப்பானில் ஒரே ஒரு ஆலையை நம்பி நின்றது.

தமிழ்ப் படங்களின் மறுபதிப்பைப் பற்றி என் கருத்து: அட்டை அழகாக இருக்கிறது, தட்டு கனமாக இருக்கிறது, உள்ளே போனது எந்தப் பதிவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மூல டேப் என்றால் கொடுத்த காசு தகும். இணையத்தில் இருக்கும் அதே ஃபைலைத் தட்டில் வெட்டியிருந்தால், போனில் இருப்பதையே காசு கொடுத்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து திருப்புகிறீர்கள்.

தாத்தாவின் பெட்டி பரணில் இருக்கிறது. விற்கலாமா?

உங்கள் இஷ்டம். சுப்ரபாதமும் பிரபலமான படத் தட்டுகளும் ஏராளமாக அச்சானவை, பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். நாடகப் பாட்டு 78, அதிகம் ஓடாத படத்தின் இ.பி., பேர் தெரியாத நாகஸ்வரக்காரர் என்றால் யாராவது தெரிந்தவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். எதுவானாலும் கொடுக்குமுன் லேபிளில் உள்ள எண்களைப் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு உறையையும் தலைகீழாக ஒரு உதறு உதறுங்கள். உறைக்குள் ரசீது, பஸ் டிக்கெட், கோவில் குங்குமம் எல்லாம் கிடைத்திருக்கிறது எனக்கு. திருமயம் பெட்டியில் நான்காக மடித்த ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. பென்சிலில் கல்யாண வரிசை. மாப்பிள்ளை அழைப்பு, எதிரே ஒரு தட்டின் எண். தாலி கட்டும்போது, எதிரே ஒரு எண், அடியில் இரண்டு கோடு. பந்தி, எதிரே மூன்று எண்கள். பெண்ணை அனுப்பும்போது என்று எழுதி, எதிரே மட்டும் எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்திருந்தது.